தாயின் மேல் போட்ட பழி
(கடலூர் மஞ்சக்குப்பத்தில் பெற்றோர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)

தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கம்.

முதலில் தாய்மார்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் பிள்ளைக்கு ஆட்டிசம், அதாவது பிறரோடு பழகுவதும் பேசுவதும் மாறுபட்டிருக்கும் மூளை வளர்ச்சி நிலை, வந்ததற்கு நீங்கள் காரணம் அல்ல. வேலைக்குப் போனதும் காரணமல்ல, கிரகணத்தன்று வாசலுக்கு வந்ததும் காரணமல்ல.

1943-இல் அமெரிக்காவில் குழந்தைகள் மனநல மருத்துவர் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதி இந்த நிலையை விளக்கினார். அதன்பின் பல ஆண்டுகள், தாயிடம் பாசம் இல்லாததால்தான் இது வருகிறது என்று படித்த மருத்துவர்களே சொல்லிவந்தார்கள். எத்தனை பெண்கள் அந்தப் பழியோடே கண்ணை மூடினார்களோ! 1977-இல் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் 21 ஜோடி இரட்டையர்களை ஆராய்ந்தார்கள். ஒரே கரு பிரிந்து உருவான 11 ஜோடிகளில் 4-இல் இருவருக்குமே ஆட்டிசம். தனித்தனிக் கருவாக உருவான 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. எந்த ஜோடியானாலும் அந்த இருவரையும் வளர்த்தது ஒரே தாய்தானே? வேறுபட்டது மரபணு.

2019-இல் ஐந்து நாடுகளின் 20 லட்சம் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு, மரபின் பங்கு ஏறத்தாழ 80 சதவீதம் என்றது. உடனே 'எந்த வீட்டு ரத்தம்' என்று சம்பந்திகள் மோதிக்கொள்ள வேண்டாம். இதில் நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் சம்பந்தப்பட்டிருக்கின்றன. சில மாற்றங்கள் தாய், தந்தை இருவரிடமும் இல்லாமல் பிள்ளையிடம் புதிதாகத் தோன்றுபவை. தட்டம்மைத் தடுப்பூசியைக் குற்றம் சாட்டிய 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை, வெளியிட்ட இதழே 2010-இல் திரும்பப் பெற்றுவிட்டது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தும் ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு தென்படவில்லை.

ஆட்டிசத்தை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இன்றுவரை கிடையாது. பிள்ளையைக் கவனித்துப் பார்ப்பதுதான் வழி. சில்வர் பீச்சில் ஒன்றரை வயதுப் பிள்ளை பலூனைக் கண்டால் விரலை நீட்டும். நீட்டிய கையோடு, அம்மாவும் பார்க்கிறாளா என்று திரும்பி அவள் முகத்தைப் பார்க்கும். அந்தத் திரும்பிப் பார்த்தலைத்தான் மருத்துவர்கள் தேடுகிறார்கள். சில பிள்ளைகள் விரல் நீட்டாமல், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டுபோய்ப் பொருளின் மேல் வைக்கும், முகத்தைப் பார்க்காது. இந்த ஒன்றை வைத்து நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். ஆனால் 'அவன் அப்பாவும் மூன்று வயதில்தான் பேசினான்' என்று பாட்டி சொல்வதைக் கேட்டுக் காத்திருக்கவும் வேண்டாம். அரசுத் தலைமை மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கோ புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கோ போய்க் காட்டுங்கள்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசமும் இடம்பெற்றிருக்கிறது. சான்றிதழுக்கு நம் நாட்டிலேயே உருவாக்கிய 40 கேள்விகள் கொண்ட அளவுகோல் இருக்கிறது. அந்தச் சான்றிதழ் கைக்கு வரட்டும் என்று பேச்சுப் பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள். ஒரே வாரத்தில் இரண்டையும் தொடங்குங்கள்.