ஹுவே அரண்மனைக்கு ஒரு நாள் போதுமா? கடலூர்ச் சகோதரியின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். வியட்நாம் பயணம் பற்றிய சென்ற பதிவைப் பார்த்துவிட்டுக் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அறுபது வயதைக் கடந்த தாய் தந்தையருடன் டா நாங் நகருக்குச் செல்கிறார்கள். அங்கிருந்து போகக்கூடிய, வியட்நாமின் பழைய தலைநகரான ஹுவேயின் அரண்மனையில் பாதி இடம் வெறும் புல்தரைதான், காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம் என்று டிராவல்ஸில் சொல்லியிருக்கிறார்கள். அது சரியா, அரசர்களின் கல்லறைகளையும் பார்க்க வேண்டுமா, பெரியவர்களால் நடக்க முடியுமா என்பவை அவருடைய கேள்விகள்.

சகோதரி, இரண்டு பகலும் ஓர் இரவும் ஹுவேக்கு ஒதுக்குங்கள் என்பதே என் பதில். முதல் முறை நானும் அந்த ஒரு நாள் பயணத்தில்தான் சென்றேன். ஜூன் மாத உச்சி வெயிலில் கோட்டையையும் மூன்று கல்லறைகளையும் ஒரே மூச்சில் காட்டினார்கள். என் தாயார் மூன்றாவது இடத்தில் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. திரும்பி வந்த பிறகு எந்தப் படம் எந்த இடத்தில் எடுத்தது என்றுகூட எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டாம் முறை தனியாகச் சென்று, நிதானமாக நடந்தபோதுதான் அந்த ஊர் எனக்குப் பிடிபட்டது.

புல்தரை என்று அவர்கள் சொன்னது உண்மை. நுயென் வம்சத்தின் 13 அரசர்கள் 1802 முதல் 1945 வரை அங்கிருந்து ஆண்டார்கள். அவர்கள் குடும்பத்தோடு வாழ்ந்த உள் அரண்மனைப் பகுதி 1947இல் நடந்த சண்டையில் பெரும்பாலும் எரிந்துபோனது. மிஞ்சியிருந்தவற்றில் பல, வியட்நாம் போரின்போது 1968இல் அங்கே ஏறத்தாழ ஒரு மாதம் நீடித்த சண்டையில் சிதைந்தன. 1993இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பிறகு ஒவ்வொன்றாக மீட்டெடுத்து வருகிறார்கள். கடைசி அரசர் பாவ் தாய் வாழ்ந்த கியேன் சுங் மாளிகை மீண்டும் கட்டப்பட்டு 2024இல்தான் திறக்கப்பட்டது. ஆகவே அந்தப் புல்தரையில் நிற்கும்போது, அடித்தளக் கற்கள் மட்டும் தெரியும் இடங்களில் சற்று நின்று, அங்கே இருந்தது என்னவென்று பலகையைப் படித்துவிட்டு நகருங்கள்.

புதுச்சேரிக்காரனாக எனக்கு, அரண்மனையைச் சுற்றியுள்ள அந்தக் கோட்டை மதிலின் மீது தனிப் பற்று உண்டு. அதன் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். 1785இல் பிஞ்ஞோ தெ பெஹேன் என்ற பிரெஞ்சு ஆயர், நுயென் ஆன் என்ற வியட்நாம் இளவரசருக்குப் படை உதவி தேடி, அவருடைய மகனை அழைத்துக்கொண்டு நம் புதுச்சேரிக்குத்தான் வந்து சேர்ந்தார். இந்த ஆயர் அதற்கு முன்பே வீராம்பட்டினத்தில் குருமடம் நடத்தியவர். கான் என்ற அந்தச் சிறுவனுக்கு அப்போது ஏறத்தாழ ஐந்து வயது. ஓராண்டுக்கு மேல் இங்கே தங்கிவிட்டுத்தான் அவர்கள் பிரான்சுக்குக் கப்பல் ஏறினார்கள். 1787இல் வெர்சாய் நகரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆனால் அதை நிறைவேற்ற வேண்டிய புதுச்சேரி ஆளுநர் கான்வே படை அனுப்ப மறுத்துவிட்டார். ஆயர் தாமே பணம் திரட்டி, ஆட்களையும் ஆயுதங்களையும் சேர்த்துக்கொண்டு 1789இல் இங்கிருந்தே திரும்பிச் சென்றார். அந்த நுயென் ஆன்தான் 1802இல் கியா லோங் என்ற பெயரில் முடிசூடி, ஹுவேயில் தலைநகரை எழுப்பியவர். மகன் கான் அதைக் காணவில்லை. அதற்கு முந்தைய ஆண்டே அம்மை நோயில் இறந்துவிட்டார். நம் கடற்கரையில் விளையாடியிருக்கக்கூடிய பிள்ளை அரியணை ஏறாமலே போனதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் கனக்கிறது.

1805ஆம் ஆண்டளவில் தொடங்கிய அந்தக் கோட்டையின் வெளிமதில் சுற்றளவு ஏறத்தாழ 10 கிலோமீட்டர். தாழ்வாகவும் தடிமனாகவும் இருக்கும் மதில், முக்கோணமாக வெளியே துருத்திய கொத்தளங்கள், சுற்றிலும் அகழி என்று பிரெஞ்சுப் பொறியாளர் வோபான் வகுத்த முறையைப் பின்பற்றியது அது. நம் புதுச்சேரியில் இன்றைய பாரதி பூங்காவை ஒட்டி இருந்த செயின்ட் லூயி கோட்டையும் அதே முறையில் கட்டப்பட்டதுதான். அதை 1761இல் ஆங்கிலேயர் தரைமட்டமாக்கிவிட்டார்கள். நாம் இழந்துவிட்ட கோட்டை எத்தகையதாக இருந்திருக்கும் என்பதை ஹுவேயின் அகழி ஓரமாக நடந்தால் ஒருவாறு உணரலாம்.

முதல் நாள் காலை, திறந்தவுடன் நோ மோன் வாயில் வழியாக உள்ளே செல்லுங்கள். நடுவழி அரசருக்கு மட்டும் உரியது என்பதால் நாம் பக்க வழியில்தான் நுழைகிறோம். 1945 ஆகஸ்ட் 30 அன்று பாவ் தாய் முடிதுறந்தது இந்த வாயிலின் மேல்மாடத்தில்தான். அதை அடுத்து வரும் தாய் ஹுவா அரியணை மண்டபத்தில், சிவப்பு அரக்குப் பூசி டிராகன் தீட்டிய 80 மரத்தூண்கள் நிற்கின்றன. பலரும் அங்கேயே படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் இடப்புறமாக நடந்து, அரச முன்னோர்களுக்கு வழிபாடு நடக்கும் கூடத்துக்குச் செல்லுங்கள். தோளும் முழங்காலும் மறையும் உடை அணிந்திருக்க வேண்டும்.

அந்தக் கூடத்தின் முன் ஒன்பது பெரிய வெண்கலக் கலசங்கள் வரிசையாக நிற்கின்றன. மின் மாங் அரசர் காலத்தில், 1835 முதல் 1837 வரை வார்க்கப்பட்டவை. நாட்டின் மலைகள், ஆறுகள், விலங்குகள், மரங்கள், படகுகள் எல்லாம் அவற்றின் மீது புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன. வரிசையை விட்டுச் சற்று முன்னே தள்ளி நிற்கும் நடுக்கலசத்தில், சூரியனுக்கும் புலிக்கும் டிராகனுக்கும் துணையாக ஒரு பலாப்பழத்தைக் காண்பீர்கள். ஒரு பேரரசர் தம் நாட்டின் பெருமையாகக் கருதியவற்றுள் பலாவும் ஒன்று என்பதைப் பண்ருட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் உங்கள் தந்தையாருக்குக் காட்டுங்கள். அவர் அந்த இடத்தை மறக்க மாட்டார். வெயில் ஏறுவதற்குள் விடுதிக்குத் திரும்பிவிடுங்கள். உள்ளே மின்கல வண்டியும் கிடைக்கும்.

இரண்டாம் நாள் கல்லறைகளுக்கு உரியது. கல்லறை என்ற சொல்லைக் கேட்டுப் பெரியவர்கள் தயங்கலாம். உண்மையில் அவை ஏரியும் சோலையுமான பூங்காக்கள். து தூக் அரசர் 1864 முதல் 1867 வரை தம் கல்லறையைக் கட்டுவித்து, உயிரோடு இருந்தபோதே அங்கே வாழ்ந்தார். தாமரைக் குளத்தின் கரையில் இருக்கும் மர மண்டபத்தில் அமர்ந்துதான் கவிதை எழுதினார். அங்கே கட்டடங்களின் பெயர்களில் எல்லாம் 'பணிவு' என்று பொருள்படும் ஒரு சொல்லைச் சேர்த்திருக்கிறார். ஆனால் அந்தப் பணிவுக்காகக் கசக்கிப் பிழியப்பட்ட தொழிலாளர்கள் 1866இல் கலகமே செய்தார்கள். பிள்ளைப்பேறு இல்லாத அவர், தம் கல்வெட்டைத் தாமே எழுதி, தம் ஆட்சியின் குறைகளையும் அதில் ஒப்புக்கொண்டார். தென் மாகாணங்கள் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது அவர் காலத்தில்தான். அந்தக் குளக்கரையில் அம்மாவும் அப்பாவும் ஒரு மணி நேரம் சும்மா உட்காரட்டும்.

அடுத்து மின் மாங் கல்லறை. அது ஊரிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர். வாயில், முற்றம், மண்டபம், ஏரி, பாலம், கடைசியில் மரங்கள் மூடிய குன்று என ஒரே நேர்க்கோட்டில் அமைந்திருக்கும். அதன் நடுவாயில், அரசரின் உடலைக் கொண்டுசெல்ல ஒரே ஒரு முறை திறக்கப்பட்டதோடு சரி. மூன்றாவதாகக் காட்டப்படும் காய் தின் கல்லறை சிமெண்டாலும் பீங்கான் ஓடுகளாலும் ஆனது, வேலைப்பாடு மிகுந்தது. ஆனால் 127 படிகள் ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் அதை விட்டுவிடலாம் என்பதே என் கருத்து. அரண்மனைக்கும் கல்லறைகளுக்கும் சேர்த்து இரண்டு நாள் செல்லும் ஒரே சீட்டாக வாங்கினால் செலவு குறையும்.

பருவம் முக்கியம். நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை கொட்டுவது போலவே ஹுவேயிலும் அக்டோபர், நவம்பரில் வெள்ளம் வரும் அளவுக்குப் பெய்யும். மே முதல் ஆகஸ்ட் வரை கடும் வெயில். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை செல்லுங்கள். ஆனால் அவர்களுடைய புத்தாண்டான தேத் வாரத்தில் கடைகள் மூடியிருக்கும் என்பதால் அதைத் தவிர்த்துவிடுங்கள். அம்மா சைவ உணவு உண்பவர் என்றால் 'கொம் சாய்' என்று கேளுங்கள். பௌத்த ஊர் என்பதால் நன்றாகவே கிடைக்கும்.

டா நாங்கிலிருந்து ஹுவே ஏறத்தாழ 100 கிலோமீட்டர். வேனில் செல்வதைவிட ரயிலில் செல்லுங்கள். போகும்போது வலப்புறம் இருக்கை கேட்டு வாங்கினால், ஹாய் வான் மலைச்சரிவில் வண்டி ஊர்ந்து செல்லும் நேரம் முழுவதும் கீழே கடல் தெரிந்துகொண்டே வரும்.