நீச்சல் குளம் பச்சையாகிவிட்டதா? தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள்!

வணக்கம் மக்களே! வீட்டில் நீச்சல் குளம் வைத்திருக்கும் நம்ம வேலூர் காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம் பக்கத்துக்காரர்களுக்காகத்தான் இந்த வீடியோ. தண்ணீர் பச்சையானதும் மொத்தத்தையும் திறந்துவிட்டு, லாரித் தண்ணீர் வாங்கி நிரப்புகிறார்கள். எனக்கு மனசே கேட்பதில்லை. நடுத்தரக் குளமே முப்பதாயிரம் லிட்டர் பிடிக்கும். வருஷத்தில் பாதி நாள் பாலாறு மணலாகக் கிடக்கிற ஊரில் அதைச் சாக்கடையில் விடலாமா? அதே தண்ணீரைத் தெளிய வைக்கலாம், வாங்க.

முதலில் குளோரினைத் தொடாதீர்கள், பி.எச். பாருங்கள், அதாவது தண்ணீரின் அமில-காரத் தன்மையின் அளவு. இதோ டெஸ்ட் கிட். குழாயில் கோடு வரைக்கும் குளத்துத் தண்ணீர், அதில் பி.எச்.-க்கு ஏற்ப நிறம் மாறும் பீனால் ரெட் சொட்டு. மூடி, கவிழ்த்து ஆட்டுங்கள். மஞ்சள் என்றால் குறைவு. ஆரஞ்சு கலந்த சிவப்பு சரி. இதோ, இப்படி அடர்ந்த ரோஸ் வந்தால் 8 வரைக்கும் ஏறிவிட்டது. நமக்கு வேண்டியது 7.2 முதல் 7.8. இங்கே பல இடங்களில் போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாக இருக்கும். டைல்ஸைக் காட்டுகிறேன் பாருங்கள், தண்ணீர் மட்டத்தில் ஒரு வெள்ளைக் கோடு. விரலை ஓட்டினால் சொரசொரவென்று இருக்கிறது. பி.எச். ஏறியே இருந்தால் இப்படித்தான் படியும்.

பி.எச். ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பாசியைக் கொல்வது, குளோரின் தண்ணீரில் கலந்ததும் உருவாகும் ஹைப்போகுளோரஸ் அமிலம். போட்ட குளோரினில் அது 7.5-இல் ஏறக்குறைய பாதி இருக்கும். 8-இல் கால் பங்குகூட இருக்காது. அப்புறம் கேன் கேனாக ஊற்றி என்ன பயன்?

பி.எச்.-ஐக் குறைக்க ஆசிட். வாளித் தண்ணீரில் ஆசிட்டை ஊற்றுங்கள், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றவே கூடாது. மோட்டார் ஓடும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, சில மணி நேரம் விட்டு மறுபடி பாருங்கள். ஆசிட் எடுத்த மக்கில் குளோரினை எடுக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் விஷவாயு, மூச்சு முட்டிவிடும்.

அடுத்து பிரஷ். படிக்கட்டு மூலை, ஏணிக்குப் பின்பக்கம், எல்லாம் தேய்க்க வேண்டும். சுவரில் ஒட்டிய பாசிக்குள் குளோரின் சுலபமாக இறங்காது.

குளோரின் பொழுது சாய்ந்த பிறகுதான். நம்ம வெயிலில் பகலில் ஊற்றினால் சில மணி நேரத்தில் பெரும்பகுதி போய்விடும். 10 சதவீத லிக்விட் குளோரின் என்றால், ஆயிரம் லிட்டருக்கு 10 மில்லி ஊற்றினால் 1 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பச்சையான குளத்துக்கு 10 பி.பி.எம். கணக்கு, அதாவது முப்பதாயிரம் லிட்டருக்கு 3 லிட்டர். இதுவரை குளோரின் மாத்திரையே போட்டு வந்திருந்தால் இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். பிளீச்சிங் பவுடர் நம்ம ஊருக்கு வேண்டாம் என்பது என் கருத்து, இருக்கிற சுண்ணாம்பு போதும்.

ராத்திரி முழுக்க ஃபில்டர் ஓடட்டும். காலையில் தண்ணீர் சாம்பல் நிறமாக, பால் கலந்த மாதிரி இருந்தால் பயப்படாதீர்கள். பாசி செத்துவிட்டது, அவ்வளவுதான். ஃபில்டரில் அழுத்தம் காட்டும் கேஜ் வழக்கத்தைவிட 10 பி.எஸ்.ஐ. (அழுத்த அளவு) ஏறினால் பேக்வாஷ் செய்யுங்கள், அதாவது தண்ணீரைத் தலைகீழாகத் திருப்பி விட்டு ஃபில்டரைக் கழுவுங்கள். அந்தத் தண்ணீரைச் செடிக்கு விட வேண்டாம்.

ஒன்று மட்டும் கட்டாயம். குளோரின் 3 பி.பி.எம்.முக்கு இறங்கி, ஆழமான பக்கத்தில் தரை டைல்ஸின் கோடு மேலிருந்தே தெளிவாகத் தெரியும் வரை பிள்ளைகளை இறக்காதீர்கள். கலங்கிய தண்ணீரில் அடியில் போன பிள்ளை யார் கண்ணுக்கும் தெரியாது.