ஆளில்லாத விடிலி

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் இராமநாதபுரம் கடலோரத்தில் மலை ஏது? ராமேசுவரத்தில் கந்தமாதன பர்வதம் என்று பெயர் பெற்றதே ஒரு மணல்மேடுதான். அப்படிப்பட்ட ஒரு மேட்டில் ஏறி இறங்கி, போன பங்குனியில் என் பெரியப்பா பனையேறிய காட்டுக்கு நடந்து போனேன். அக்கா மகனும் கூட வந்தான்.

மாரியூர் பூவேந்தியநாதர் கோயிலில் கும்பிட்டுவிட்டு, கடலை இடக்கைப் பக்கம் வைத்து மேற்கே நடந்தோம். அலை நனைத்த மணலில் கால் பதியாது. மேட்டில் ஏறத் தொடங்கியதும் ஓர் எட்டு வைத்தால் அரை எட்டு சறுக்கும். அடப்பங்கொடி படர்ந்த இடமாகப் பார்த்து மிதித்தால் மணல் தாங்கும். ராவணன் மீசைப் புல் குத்தும், ஒதுங்கித்தான் போகவேண்டும். உச்சியில் நின்றால் தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பனை, பனை, பனை. அவ்வளவு அழகு. ஆனால் பனைகளுக்கு இடையே சீமைக்கருவேலம் புகுந்துவிட்டது.

பெரியப்பாவின் விடிலிக்கு, அதாவது பதநீர் காய்ச்சும் குடிசைக்கு, கூரை இல்லை. பெரியம்மா பதநீர் காய்ச்சிய அடுப்பின் கரிந்த மண் மட்டும் இருக்கிறது. பாகைச் சொட்டு விட்டுத் தண்ணீரில் பதம் பார்த்து, சிரட்டைகளில் ஊற்றுவார். அந்த மணத்துக்கே பிள்ளைகள் நாங்கள் சுற்றிச் சுற்றி வருவோம். பெரியப்பாவுக்குக் காலையில் நாற்பது பனை, மாலையில் அதே நாற்பது. ஒவ்வொன்றிலும் பாளையைச் சீவி, கலயத்தில் சுண்ணாம்பு தடவிக் கட்டவேண்டும். சுண்ணாம்பு இல்லையென்றால் புளித்துக் கள்ளாகிவிடும். சீவுவது நின்றால் ஊறலும் நின்றுவிடும். அதனால் பதநீர்க் காலத்தில் ஒரு கல்யாணத்துக்குக்கூட அவர் வந்ததில்லை.

ஓர் ஆடியில் மரத்திலிருந்து விழுந்தார். இடுப்பு போயிற்று. அண்ணன்மார் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். புருஷன் விழுந்ததைப் பார்த்தவள் மகனை மரமேற்றுவாளா?

பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. செங்கல் சூளைக்குப் போன பனைகளை எண்ணிப் பார்த்தால், அதை மனதார வரவேற்கிறேன். ஆனால் மரம் நின்றால் போதுமா? ஏறுகிறவருக்குக் காப்பீடு வேண்டும், சீனி கலக்காத கருப்பட்டிக்கு நியாயமான விலை வேண்டும். கருப்பட்டி வாங்கும் நாம்தான் அந்த விலையைக் கொடுக்கவேண்டும்.

"தாகமா இருக்கு மாமா" என்றான் மருமகன். கொண்டுபோன தண்ணீர் தீர்ந்திருந்தது. விடிலிக்குப் பின்னால் பள்ளத்தில் பெரியம்மா ஊற்றுத் தோண்டும் இடம் ஞாபகம் வந்தது. இரண்டு முழம் தோண்டினோம். மணலில் இறங்கிய மழைநீர், கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கும். ஆழத் தோண்டினால் உவர்ப்பு ஏறிவிடும். "கண்டமட்டும் தோண்டாதே" என்று பெரியம்மா அதட்டுவார். மணலில் புதைந்து கிடந்த சிரட்டையைக் கழுவி மொண்டு குடித்தோம். நல்ல தண்ணீர்.

குடித்துவிட்டு அவன் அண்ணாந்து பார்த்தான். "இதுல ஆண்பனை எது மாமா?"

"அலகு விரல் விரலா தொங்குது பாரு, அது. நுங்குக் குலை இருக்கிறது பெண்பனை. ரெண்டுலயும் பதநீர் எடுக்கலாம்."

ஒவ்வொரு மரமாகக் கேட்டான். வெயில் ஏறும்வரை காட்டிக்கொண்டே நின்றேன்.