சூடானால் எடுக்காத செல்ஃப்: பழைய காரில் ஒளிந்து விளையாடும் மின்கோளாறு

[காட்சி: பழைய வெள்ளைக் கார். சாவி திரும்புகிறது. 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், பிறகு அமைதி.]

கேட்டீர்களா? இந்த ஒரு 'டக்'குக்காக ஒரு புதிய பேட்டரியும், எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாருக்கு ஒரு ஓவர்ஹாலும் செய்து பார்த்துவிட்டேன். இரண்டும் தேவையே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

இது 1998 மாடல், கார்புரேட்டர் வைத்த சிறிய பெட்ரோல் கார். காலையில் முதல் திருப்பலிலேயே எடுத்துவிடும். இருபது கிலோமீட்டர் ஓட்டி, பெட்ரோல் பங்கில் நிறுத்திவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினால் 'டக்'. நான்கு பேர் தள்ளினால் உடனே எடுக்கும். அரை மணி நேரம் ஆறவிட்டாலும் எடுக்கும். மெக்கானிக் முன்னால் நிறுத்தினாலோ பரம சாது.

தள்ளினால் எடுக்கிறது என்பது நல்ல துப்பு. பெட்ரோலும் வருகிறது, ஸ்பார்க்கும் வருகிறது. கோளாறு செல்ஃப் பக்கம் மட்டுமே. தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிட்டது.

[காட்சி: வெள்ளைத் தாளில் இரண்டு கோடுகள். ஒன்று தடிமன், ஒன்று மெல்லியது.]

செல்ஃபுக்கு மின்சாரம் போகும் வழிகள் இரண்டு. தடித்த வழி: பேட்டரியின் பாசிட்டிவ், சோலினாய்டின் (செல்ஃப் மோட்டாரின் மேல் இருக்கும் காந்த ஸ்விட்ச்) பெரிய போல்ட், மோட்டார், எஞ்சின் உடல், எர்த் வயர், மறுபடி பேட்டரி. சிறிய எஞ்சினைச் சுற்றவே இதில் நூறு ஆம்பியருக்கு மேல் ஓடும். மெல்லிய வழி: பேட்டரியிலிருந்து ஸ்டியரிங் அருகே இருக்கும் சாவி ஸ்விட்ச், அங்கிருந்து சோலினாய்டின் சிறிய முனை. இந்த மெல்லிய வழி சோலினாய்டின் காந்தத்தை இழுத்தால்தான் தடித்த வழியே திறக்கும்.

முதல் சோதனைக்குக் கருவி வேண்டாம். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் அடியோடு அணைந்தால் பேட்டரி முனைகளைச் சந்தேகியுங்கள். மிகவும் மங்கி 'டகடகடக' என்று அடித்தால் பெரும்பாலும் பேட்டரியில் சார்ஜ் இல்லை. வெளிச்சம் அசையாமல் இருந்து, மோட்டாரும் அசையவில்லை என்றால், பெரிய மின்சாரம் கிளம்பவே இல்லை. என் காரில் மூன்றாவதுதான் நடந்தது. அப்போதே பேட்டரி வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டிருக்க வேண்டும்.

[காட்சி: வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர், அருகில் ஒரு வயர் துண்டு. வயரில் ஓர் இழை மட்டும் மிச்சம்.]

இப்போது பலரும் சறுக்கும் இடம். இந்த வயரில் ஓர் இழையைத் தவிர மற்றதெல்லாம் அறுந்திருக்கிறது. மீட்டரை வைத்தால் 12.6 வோல்ட் காட்டுகிறது. வயர் சரி என்று நினைத்துவிடுவோம். மீட்டர் மிகச் சிறிய மின்சாரத்தையே எடுக்கும். அதற்கு ஓர் இழை போதும். அதே வயரில் 55 வாட் ஹெட்லைட் பல்பை மாட்டினால், அது கிட்டத்தட்ட நாலரை ஆம்பியர் கேட்கும். பாருங்கள், பல்பு சரியாக எரியவில்லை. ஆகவே சுமை ஓடும்போது, அதாவது ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் மேலே. ஃபேன் பெல்ட் பக்கம் கையோ துண்டோ போகக் கூடாது.

எர்த்தைப் பார்க்க, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மற்றதை எஞ்சின் உடலிலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். 0.2, 0.3 வோல்ட் வரை பரவாயில்லை. அதற்கு மேல் போனால் எர்த் வயரைக் கழற்றி, துருவைச் சுரண்டி, இறுக்குங்கள். நூறு ஆம்பியர் ஓடும் இடத்தில் 0.01 ஓம் தடையே ஒரு வோல்ட்டைத் தின்றுவிடும்.

[காட்சி: டேஷ்போர்டுக்குக் கீழே தொங்கும் சிறிய பல்பு.]

ஆனால் கோளாறு வரும் நேரத்தில் நாம் எங்கோ ஒரு சிக்னலில் இருப்போமே? அதற்குத்தான் இந்த ஏற்பாடு. சோலினாய்டின் சிறிய முனையிலிருந்து ஒரு மெல்லிய வயர். முனைக்குப் பக்கத்திலேயே 2 ஆம்பியர் பியூஸ். காருக்குள்ளே ஒரு சிறிய பல்பு. அதன் மறுமுனை பாடியில் எர்த். மொத்தம் ஒரு மணி நேர வேலை. இனி கார் மக்கர் செய்யும்போது பல்பைப் பார்த்தால் போதும். பிரகாசமாக எரிந்தும் செல்ஃப் சுற்றவில்லை என்றால் கோளாறு சோலினாய்டு, மோட்டார், எர்த் பக்கம். எரியவே இல்லை என்றால் சாவி ஸ்விட்ச் பக்கம்.

எனக்கு ஒன்பதாம் நாள், மதிய வெயிலில், ரயில்வே கேட்டில் வந்தது. பல்பு மங்கலாக எரிந்தது. பின்னால் ஹாரன்கள். நான் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மங்கல் என்றால் மெல்லிய வழியில் தடை. காரை ஓரம் கட்டி, சூடு ஆறுவதற்குள் நண்பரைச் சாவியைத் திருப்பச் சொல்லி அளந்தேன். பேட்டரியில் 12.2. சாவி ஸ்விட்சுக்குள் நுழையுமிடத்தில் 11.7. வெளியே வருமிடத்தில் 9.0. சோலினாய்டு முனையில் 7.8. ஸ்விட்சுக்குள் மட்டும் 2.7 வோல்ட் காணாமல் போயிருக்கிறது. அதற்குப் பின்னால் பழுப்பேறிய கனெக்டரும் வயரும் இன்னும் 1.2 வோல்ட்டை விழுங்கியிருக்கின்றன.

அப்படியானால் காலையில் மட்டும் எப்படி எடுத்தது? சோலினாய்டுக்குள் இருப்பது செம்புச் சுருள். செம்பின் தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 0.4 சதவீதம் கூடும். 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய கால் பங்கு அதிகம். தடை கூடினால் மின்சாரம் குறையும், காந்தம் தளரும். ஸ்விட்சும் வயரும் ஏற்கெனவே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வோல்ட்டைப் பறித்திருக்க, காலையில் மயிரிழையில் தேறிய காந்தம் வெயிலில் தோற்றது.

[காட்சி: ரிலே. அதன் முனைகளில் 30, 85, 86, 87 என்ற எண்கள் பெரிதாகத் தெரிகின்றன.]

ஸ்விட்சை மாற்றினேன், கனெக்டரையும் மாற்றினேன். கூடவே ஒரு ரிலே, அதாவது சிறிய மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் ஸ்விட்ச். நெகட்டிவ் முனையை முதலில் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். சாவியிலிருந்து வரும் வயர் 86-க்கு. 85 எர்த்துக்கு. பேட்டரி பாசிட்டிவிலிருந்து பியூஸ் வழியாக ஒரு தடித்த வயர் 30-க்கு. 87 சோலினாய்டின் சிறிய முனைக்கு. முன்பு இருபது ஆம்பியருக்கு மேல் சுமந்த சாவி ஸ்விட்ச், இப்போது கால் ஆம்பியருக்கும் குறைவாகச் சுமக்கிறது.

பல்பை இன்னும் கழற்றவில்லை. ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் ஒரு நொடி பளிச்சென்று எரிகிறது. அது எதற்கு என்று ஏறுகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள்.