எஞ்சின் புளொக்கில் வெடிப்பு: வீட்டில் வைத்தே திருத்தலாமா?

வணக்கம். இந்தக் கிழமை வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் எடுத்து ஆறுதலாகப் பதில் சொல்லப் போகிறேன். புத்தூரிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அவரிடம் ஒரு பழைய டீசல் லொறி இருக்கிறது. வெங்காயம் ஏற்றிக்கொண்டு தம்புள்ளைக்குப் போகும்போது மாங்குளம் தாண்டி எஞ்சின் கொதித்துவிட்டது. வீதியோரம் நிறுத்திக் கையிலிருந்த பச்சைத் தண்ணீரை ஊற்றியிருக்கிறார். வீட்டுக்கு வந்து பார்த்தால் எஞ்சின் புளொக்கின், அதாவது சிலிண்டர்கள் இருக்கிற வார்ப்பு உடம்பின், பக்கச் சுவரில் இரண்டு அங்குல நீளத்துக்கு வெடிப்பு, அதிலிருந்து தண்ணீர் கசிகிறது. "அண்ணை, வீட்டில் வெல்டிங் மெசின் இருக்கிறது. எஞ்சினை இறக்கிக் கொடுக்க இப்போது காசில்லை. நானே ஒட்டிவிடலாமா?" என்று கேட்கிறார்.

ஒட்ட வேண்டாம் தம்பி. திருத்தலாம், உங்கள் வீட்டு முற்றத்தில் வைத்தே திருத்தலாம். ஆனால் அந்த வெல்டிங் மெசினை வெளியே எடுக்காதீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன். நானும் இருபது வயதில் இதே வேலையைச் செய்தவன். ஒரு தண்ணீர் இறைக்கும் எஞ்சினின் புளொக்கில் சின்ன வெடிப்பு. கேற் ஒட்டுகிற சாதாரண வெல்டிங் குச்சியால் அழகாக ஒட்டி முடித்தேன். தேநீர் குடிக்கப் போய்த் திரும்புவதற்குள் 'டிங்' என்று ஒரு சத்தம். ஒட்டிய கோட்டுக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒரு வெடிப்பு, முந்தியதைவிட இரண்டு மடங்கு நீளம். அந்தப் புளொக் பிறகு எதற்கும் உதவவில்லை. அதை நம்பித் தோட்டம் செய்த குடும்பத்துக்கு நான் செய்த நட்டம் அது. இன்றைக்கும் எனக்கு மனம் ஆறவில்லை.

நடந்தது இதுதான். இந்த மாதிரிப் பழைய லொறிகளின் புளொக் வார்ப்பிரும்பு. அதில் நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் கரி இருக்கும். கேற் செய்கிற இரும்பில் பெரும்பாலும் நூற்றுக்குக் கால் பங்குகூட இராது. வார்ப்பிரும்பை ஒரு இடத்தில் மட்டும் உருக்கினால் அந்தக் கரி உருகிய உலோகத்துக்குள் போய்விடும். சுற்றியிருக்கும் குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டைச் சட்டென்று உறிஞ்சும்போது, ஒட்டிய இடமும் அதன் ஓரமும் கண்ணாடி மாதிரிக் கடினமாகி நொறுங்கும் குணத்துக்கு வந்துவிடும். அதோடு ஒட்டிய கோடு ஆறும்போது சுருங்கும். வார்ப்பிரும்புக்கு இழுபட்டுக் கொடுக்கத் தெரியாது. இழுத்தால் உடையும், அவ்வளவுதான். அந்த 'டிங்' சத்தம் அங்கிருந்துதான் வருகிறது.

வார்ப்பிரும்பை ஒட்டவே முடியாது என்று நான் சொல்லவில்லை. எஞ்சினைப் பிரித்து, வெறும் புளொக்கை முழுதாகச் சில நூறு பாகை வரை மெல்ல மெல்லச் சூடாக்கி, நிக்கல் குச்சியால் ஒட்டி, காய்ந்த மணலிலோ சாம்பலிலோ புதைத்து ஒரு நாள் முழுக்க ஆறவிடுகிற பட்டறைகள் உண்டு. சூடாக்காமல் செய்பவர்கள் ஒரு அங்குலம் ஒட்டுவார்கள், சின்னச் சுத்தியலால் தட்டிக் கொடுப்பார்கள், கை வைக்கக்கூடிய சூட்டுக்கு வரும்வரை காத்திருப்பார்கள், பிறகு அடுத்த அங்குலம். அது கைப்பழக்கம் உள்ளவர்களின் வேலை. லொறியில் பூட்டியபடி, கீழே படுத்துக்கொண்டு செய்கிற வேலை இல்லை.

சரி, இனி நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் ஓயில் கம்பியை இழுத்துப் பாருங்கள். ஓயில் பால் தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே போகிறது என்று அர்த்தம். அப்போது வெளியே தெரிகிற வெடிப்பு மட்டும் உங்கள் பிரச்சினை இல்லை. அதேபோல எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேற்றர் மூடியைத் திறந்துவிட்டு ஸ்ராட் பண்ணுங்கள். தண்ணீரில் விடாமல் குமிழி வந்தால் சிலிண்டருக்குள் எரிகிற வாயு தண்ணீர்ப் பாதைக்குள் கசிகிறது. ஹெட் என்கிற மேல்மூடிக்கும் புளொக்குக்கும் இடையிலுள்ள கஸ்கற் போயிருக்கலாம், ஹெட் வெடித்திருக்கலாம், சிலிண்டரே வெடித்திருக்கலாம். இந்த இரண்டில் ஒன்று இருந்தாலும் இந்த வீடியோவை இதோடு நிறுத்திவிட்டு எஞ்சினைப் பிரிக்கிற வழியைப் பாருங்கள். வெடிப்பு ஹெட் உட்காரும் மேல் முகத்தைத் தொட்டாலும், அடியில் கிராங் தண்டைத் தாங்குகிற பகுதிக்கு ஓடினாலும், எஞ்சின் மவுண்ட் போல்ற்றுக்குக் கிட்ட இருந்தாலும் இதே பதில்தான். அந்த இடங்கள் பாரம் தாங்குபவை.

வெளிச்சுவரில், தண்ணீர் மட்டும் நிற்கும் இடத்தில் வெடிப்பு என்றால் நம்பிக்கையாகத் தொடங்கலாம். அந்தச் சுவர் தாங்குவது ரேடியேற்றர் மூடியில் எழுதியிருக்கும் அழுத்தத்தை மட்டும்தான். 0.9 பார், 1.1 பார் என்று போட்டிருக்கும். பெரிய அழுத்தம் இல்லை.

அடுத்தது, வெடிப்பின் உண்மையான முனையைக் கண்டுபிடிப்பது. கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வெடிப்பு முடிவதே இல்லை. தண்ணீரை இறக்கி, பெயின்றைச் சுரண்டி, வெறும் இரும்பு தெரியும்வரை துடையுங்கள். அதில் மண்ணெண்ணெய் பூசிக் கால் மணித்தியாலம் விடுங்கள். பிறகு நன்றாகத் துடைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துச் சோக்கைத் தேய்த்து வெள்ளையாக்குங்கள். வெடிப்புக்குள் ஒளிந்திருந்த மண்ணெண்ணெய் மெல்ல ஊறி வெளியே வந்து, சோக்கின் மேல் ஈரக் கோடாகக் காட்டிக்கொடுக்கும். இரண்டு அங்குலம் என்று நினைத்தது மூன்று அங்குலமாக இருக்கும். பட்டறைகளில் சிவப்புச் சாயம் அடித்துப் பார்க்கிறார்களே, அதுவும் இதே முறைதான்.

அந்த உண்மையான முனைகள் இரண்டையும் சற்றுத் தாண்டி 3 மில்லிமீற்றர் துளை ஒவ்வொன்று போடுங்கள். வெடிப்பின் நுனி ஊசி மாதிரிக் கூர்மையானது. இழுவை எல்லாம் அந்த நுனியில் குவிந்து அதை மேலும் ஓட வைக்கும். வட்டத் துளையில் அந்தக் கூர்மை இல்லாமல் போகிறது. இதைச் செய்யாமல் மேலே எதைப் பூசினாலும் வெடிப்பு பூச்சுக்கு அடியில் நடந்துகொண்டே இருக்கும்.

இனித் தையல் வேலை. பெயரே அதுதான், உலோகத்தைத் தைப்பது. சூடே இல்லை. வெடிப்பின் மேல் 5 மில்லிமீற்றர் துளை போட்டு, 6 மில்லிமீற்றர் மரை வெட்டி, மரை ஆணி ஒன்றைப் பசை தடவி இறுக்கி, மேலே அறுத்துவிடுவது. கொஞ்சம் இடம் விட்டு அடுத்தது. பிறகு இரண்டு ஆணிகளுக்கும் நடுவில், இரண்டையும் கொஞ்சம் கடித்துக்கொண்டு போகிற மாதிரி மூன்றாவது. இப்படியே வெடிப்பு முழுக்க ஆணிச் சங்கிலி ஆகிவிடும். கடைசியில் சுத்தியலால் மெதுவாகத் தட்டி மட்டப்படுத்துங்கள். இதில் இரண்டு கவனம் வேண்டும். முரட்டுத்தனமாக இறுக்காதீர்கள், சாதாரண மரை இரண்டு பக்கத்தையும் விலக்கித் தள்ளும். இதற்கென்றே கொக்கி மரை போட்டு வருகிற ஆணிகள் இரண்டு பக்கத்தையும் சேர்த்து இழுக்கும், கிடைத்தால் அதையே வாங்குங்கள். மற்றது ஆழம். சுவர் பெரும்பாலும் ஐந்தாறு மில்லிமீற்றர் தடிப்புத்தான். அதற்கு அப்பால் தண்ணீர், அதற்கு அப்பால் சிலிண்டர். துறப்பணக் குச்சியில் ரேப் சுற்றி அடையாளம் வைத்துக்கொண்டு துளையிடுங்கள்.

மரை வெட்டிப் பழக்கமில்லை என்றால் எப்பொக்சி. எஃகுத் தூள் கலந்து இரண்டு குழாயாக வருகிறதே, அது. வெடிப்பை அரத்தால் வி வடிவில் பாதி ஆழத்துக்குத் திறந்து, சுற்றிலும் ஒரு அங்குலத்துக்கு முரட்டு எமெறியால் கீறி, தின்னரால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, ஈரம் துளியும் இல்லாமல் காயவையுங்கள். பசை உரிந்து விழுவது பெரும்பாலும் ஈரத்தாலும் எண்ணெயாலும்தான். அமுக்கி நிரப்பி, மேலே மெல்லிய தகடு ஒன்றையும் அதே பசையில் பதித்து நாலு சின்னத் திருகாணி போட்டால் இன்னும் பலம். ஒரு முழு நாள் தொடவே வேண்டாம். என்னைக் கேட்டால் தையலைத்தான் நிரந்தரத் திருத்தம் என்பேன், எப்பொக்சி உங்களுக்குக் காசு சேரும்வரை ஓட வைக்கும். ரேடியேற்றருக்குள் ஊற்றுகிற கசிவடைப்பு மருந்து மட்டும் வேண்டாம். அது வெடிப்பை அடைக்கிறதோ இல்லையோ, ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களை அடைத்துவிடும்.

ஆனால் தம்பி, இவ்வளவும் செய்துவிட்டு எஞ்சின் ஏன் கொதித்தது என்று பார்க்காவிட்டால் அடுத்த பயணத்தில் பக்கத்துச் சுவர் வெடிக்கும். குளிர் நாடுகளில் உள்ளே தண்ணீர் உறைந்து புளொக் வெடிக்கும். எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. எங்களுக்கு இருப்பது சுண்ணாம்பு. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளிருந்து வருகிறது. உங்கள் வீட்டுக் கேத்தலின் அடியைப் பாருங்கள், வெள்ளையாகப் படிந்திருக்கும். அதே படிவு எஞ்சினுக்குள்ளும் ரேடியேற்றருக்குள்ளும் இருக்கிறது. அது சூட்டை இரும்பைவிடப் பல மடங்கு மோசமாகக் கடத்தும். உப்புத் தண்ணீர் என்றால் அரிப்பும் சேர்ந்துவிடும். நிலாவரைக் கிணறு உங்கள் ஊர்ப் பக்கம்தானே, மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. குடாநாட்டு நிலத்தடி நீர் பெரும்பாலும் அப்படித்தான், நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கூடுதலாக இறைக்கிற இடத்தில் உப்பு மேலே வந்துவிடும்.

ஆகவே ரேடியேற்றரைக் கழற்றிச் சுத்தம் செய்யக் கொடுங்கள். சூடேறினால் தண்ணீருக்கு வழி திறக்கிற தேர்மோஸ்ரற்றைச் சுடுதண்ணீரில் போட்டுத் திறக்கிறதா என்று பாருங்கள். பான் பெல்ற்றையும் பாருங்கள். நிரப்புவதற்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்குங்கள். பற்றரிக் கடையில் கேட்கும்போது அசிட் வேண்டாம், தண்ணீர் என்று தெளிவாகச் சொல்லுங்கள். கார்த்திகை, மார்கழியில் என்றால் முதல் மழையை விட்டுவிட்டுப் பிடித்த மழைத்தண்ணீரும் நல்லது. அதோடு கூலன்ற் கலக்க வேண்டும். உறையாமல் இருப்பதற்கு மட்டும் உள்ள சாமான் என்று நினைத்து எங்கள் ஆட்கள் அதை விட்டுவிடுகிறார்கள். துருவையும், டீசல் எஞ்சின் அதிர்வில் சிலிண்டர் லைனரில் விழுகிற சின்னச் சின்னக் குழிகளையும் தடுப்பது அதுதான்.

கொதித்த எஞ்சினுக்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றவே கூடாது. மூடியைத் திறக்கவும் கூடாது, முகம் வெந்துவிடும். நிறுத்திவிட்டுக் குறைந்தது முக்கால் மணித்தியாலம் நிழலில் இருங்கள். வெங்காயம் அதற்குள் அழுகாது.

வேலை முடிந்ததும் உடனே தம்புள்ளைக்கு ஓட வேண்டாம். ரேடியேற்றர் வாயில் அழுத்தம் காட்டுகிற முள் உள்ள கைப்பம்பு பூட்டி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தத்துக்கு ஏற்றிவிட்டு, எஞ்சின் நிற்கும்போதே கால் மணித்தியாலம் பாருங்கள். முள் இறங்காவிட்டால் ஸ்ராட் பண்ணிச் சூடாக விடுங்கள். பிறகு வெறும் லொறியோடு சுன்னாகம் வரை ஒரு ஓட்டம், அடுத்த நாள் பாரத்தோடு கிளிநொச்சி வரை. ஒவ்வொரு முறையும் எஞ்சின் ஆறிய பிறகு அந்த இடத்தில் சோக்கைத் தேய்த்துப் பாருங்கள். ஈரக் கோடு தெரிந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், ஓயில் கம்பியின் படத்தையும் சேர்த்து.