கடலோரத்திலிருந்து ஆங்கிலச் சொற்கள்: பொருளோடு ஒரு வாக்கியமும்

(திரையில்: பாம்பன் கரை. படகிலிருந்து மீன் கூடைகள் இறங்குகின்றன.)

வணக்கம். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ப் பொருள் என்று நோட்டில் எழுதி மனப்பாடம் செய்வது நமக்குப் பழகிப்போன முறை. தேர்வில் பொருள் எழுத அது உதவும். வாயைத் திறந்து பேச உதவாது. ஒரு சொல் எந்தச் சொற்களோடு சேர்ந்து வரும் என்று தெரிந்தால்தான் அது பேச்சில் வரும். அதனால் சொல்லை வாக்கியத்தோடு படியுங்கள். அந்த வாக்கியமும் உங்கள் ஊரைப் பற்றியதாக இருக்கட்டும். தங்கச்சிமடத்துப் பிள்ளை பனிப்பொழிவைப் பற்றி எதற்கு வாக்கியம் எழுத வேண்டும்?

(திரையில்: கேட்ச்)

கேட்ச் என்றால் பிடி. 'தே காட் எ லாட் ஆஃப் ஃபிஷ்', நிறைய மீன் பிடித்தார்கள். இறந்தகாலத்தில் 'காட்' என்று மாறும். 'கேட்ச்டு' என்று ஒரு சொல்லே கிடையாது.

இதே சொல் பெயர்ச்சொல்லாகவும் வரும். படகு கரைக்கு வந்ததும் "இன்னைக்கு மீன்பாடு எப்படி?" என்று கேட்கிறோமே, அந்த மீன்பாடுதான் கேட்ச். 'ஹவ் வாஸ் டுடேஸ் கேட்ச்?' குறைவாக இருந்தால், 'த கேட்ச் வாஸ் புவர்'. புவர் என்றால் ஏழை என்று மட்டும் படித்திருப்பீர்கள். இங்கே அதற்குப் பொருள் 'சரியில்லை'.

அப்புறம், தமிழில் பஸ்ஸையும் பிடிக்கிறோம். ஆங்கிலத்திலும் அப்படியே: 'ஐ காட் த லாஸ்ட் பஸ் டு ராமேஸ்வரம்'. சளிக்கும் கேட்ச்தான், ஆனால் திசை மாறும். தமிழில் சளி நம்மைப் பிடிக்கிறது. ஆங்கிலத்தில் நாம் சளியைப் பிடிக்கிறோம்: 'ஐ காட் எ கோல்டு'. எனக்கு நண்டு பிடிக்கும் என்பதற்கு மட்டும் கேட்ச் வராது. 'ஐ லைக் கிராப்' என்றுதான் சொல்ல வேண்டும்.

(திரையில்: கோ டு ஸீ, கோ டு த ஸீ)

அடுத்தது நம் கரைக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. 'மை ஃபாதர் வென்ட் டு ஸீ' என்றால் அப்பா தொழிலுக்காகக் கடலுக்குப் போயிருக்கிறார். நடுவில் ஒரு 'த' சேர்த்து, 'வி வென்ட் டு த ஸீ' என்றால் கடற்கரைக்குப் போய்வந்தோம். அரியமானுக்குப் போய்க் காற்று வாங்கிவிட்டு வந்தால் இதைச் சொல்லலாம். படகில் போய் இன்னும் திரும்பாதவரை 'ஹி இஸ் அட் ஸீ' என்பார்கள். சின்னச் சொல்தானே என்று 'த'வை அலட்சியமாக விடாதீர்கள், பொருளையே மாற்றிவிடுகிறது.

(திரையில்: புதிய பாம்பன் பாலம். நடுப்பகுதி மேலே எழுகிறது.)

ஸ்பேன். கையை விரித்தால் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை உள்ள அளவை நாம் சாண் என்கிறோம். ஆங்கிலத்தில் அதற்கு ஸ்பேன் என்று பெயர். அந்தப் பொருள்தான் விரிந்து, பாலத்தில் ஒரு தூணிலிருந்து அடுத்த தூண்வரை உள்ள பகுதிக்கும் வந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தில் செங்குத்தாக மேலே எழும் பகுதியின் நீளம் 72.5 மீட்டர். 'த லிஃப்ட் ஸ்பேன் இஸ் 72.5 மீட்டர்ஸ் லாங்'. 1914இல் திறந்த பழைய பாலத்தில் அந்தப் பகுதி இரண்டாகப் பிரிந்து, இரு கைகளைப் போல மேலே விரிந்தது. ஆயுட்காலத்துக்கும் இதே சொல்: 'லைஃப் ஸ்பேன்'. வினைச்சொல்லாகவும் எழுதலாம்: 'த பிரிட்ஜ் ஸ்பேன்ஸ் த சேனல்', பாலம் கால்வாயின் ஒரு கரையிலிருந்து மறுகரைவரை நீள்கிறது.

இன்னும் மூன்றை வேகமாகப் பார்ப்போம். மெண்ட், கிழிந்ததைச் சரிசெய்வது: 'ஷி இஸ் மெண்டிங் த நெட்'. ஆங்கர், நங்கூரம்: 'தே டிராப்டு ஆங்கர் நியர் த ஐலண்ட்'. பேன், தடை: 'த ஃபிஷிங் பேன் என்ட்ஸ் ஆன் ஜூன் 14'. நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் இருப்பதால், இந்தக் கடைசி வாக்கியத்தை வீட்டிலேயே சொல்லிப் பழகலாம்.

கட்டுமரத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தின் 'கேட்டமரான்' நம்மிடமிருந்து போன சொல்தான். ஆனால் இன்று அது பெரும்பாலும் இரண்டு அடிப்பாகங்களை இணைத்துக் கட்டிய படகைக் குறிக்கிறது. நம் கட்டுமரத்தை வெளியூர்க்காரருக்கு விளக்கும்போது, மரங்களைச் சேர்த்துக் கட்டியது என்பதையும் சொல்லுங்கள்: 'இட் இஸ் மேட் ஆஃப் லாக்ஸ் டைடு டுகெதர்'.

சரி, படித்தது எப்படி நிற்கும்? புதிதாகப் படித்ததை முதல் சில மணி நேரத்திலேயே அதிகம் மறக்கிறோம் என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885இலேயே எழுதினார். ஆகவே இன்று இரவே ஒருமுறை, நாளை ஒருமுறை, பிறகு நான்கைந்து நாள் விட்டு, அடுத்து இரண்டு வாரம் கழித்து என இடைவெளி விட்டுத் திரும்பப் பாருங்கள். பார்க்கும்போது ஆங்கில வாக்கியத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, தமிழை மட்டும் படித்து, ஆங்கிலத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். திணறினால்கூட உடனே கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் யோசியுங்கள். அப்படித் தேடி எடுத்த சொல்தான் நன்றாகப் பதியும். முதலில் கேட்ச் ஒன்றுக்கே மூன்று வாக்கியம் எழுதுங்கள்: மீனுக்கு ஒன்று, பஸ்ஸுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று.