மேடைக் கலைகளை வாழவைப்பது அரங்கமே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

"நாடகம், இசை, நடனம் ஆகிய மேடைக் கலைகளை இனி வாழவைக்கப் போவது அரங்கமா, திரையா?" என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய நண்பர் திரைக்காக நன்றாகவே வாதாடினார். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா என்ற இசை நாடக நிறுவனம் 2006-லிருந்து தன் நிகழ்ச்சிகளைச் சினிமா தியேட்டர்களுக்கு நேரலையாக அனுப்புகிறது, லண்டனின் நேஷனல் தியேட்டரும் 2009-ல் அதே வழிக்கு வந்துவிட்டது, நாடு நாடாக மக்கள் பார்க்கிறார்கள் என்றார். அத்தனையும் உண்மை. பார்ப்பவர் கூட்டம் பெருகியதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் ஆடுகிறவர், பாடுகிறவர், வாசிக்கிறவர் கதி என்ன ஆனது என்பதை அவர் தொடவே இல்லையே! நான் அங்கிருந்துதான் தொடங்குகிறேன்.

அவர் சொன்ன அதே மெட்ரோபாலிட்டன் ஓபராவை எடுத்துக்கொள்வோம். 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் அரங்கு மூடியது. சில நாட்களிலேயே பழைய பதிவுகளை இரவுக்கு ஒன்றாக இணையத்தில் இலவசமாக ஒளிபரப்பத் தொடங்கினார்கள். உலகமே உட்கார்ந்து பார்த்தது. அந்த மாதங்களில் அங்கே வாசித்துவந்த ஆர்கெஸ்ட்ரா கலைஞர்களுக்குச் சம்பளம் வந்ததா? ஏப்ரலிலிருந்து கிட்டத்தட்ட ஒரு வருடம் வரவில்லை. சிலர் அந்த நகரத்தை விட்டே கிளம்பினார்கள். சிலர் பணி ஓய்வு பெற்றுவிட்டார்கள். நிர்வாகத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதைச் சொல்லவில்லை. டிக்கெட் விற்பனை நின்றதும் எல்லாம் நின்றது, அவ்வளவுதான். திரையில் அவர்கள் இரவெல்லாம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் வருமானம் இல்லாமல் இருந்தார்கள். இதற்கா நண்பரே, வாழவைப்பது என்று பெயர்?

இதற்கு எதிரணி கையில் ஒரு பதில் இருக்கும். வில்லியம் பாமோல், வில்லியம் போவென் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1966-லேயே சொன்ன விஷயம்தான். தொழிற்சாலையில் இயந்திரம் வந்தால் குறைந்த ஆட்களை வைத்து அதிகம் செய்யலாம். நாலு பேர் வாசிக்க வேண்டிய இசைக்கு அன்றும் நாலு பேர், இன்றும் நாலு பேர். நேரமும் அதே நேரம். மற்ற இடங்களில் கூலி ஏற ஏற, மேடையில் செலவு மட்டும் ஏறிக்கொண்டே போகும். "அதனால்தான் திரை வேண்டும், ஒரு முறை வாசித்தால் லட்சம் பேருக்கு விற்கலாமே" என்பார்கள். சரி, யார் விற்பது? பல கேமரா, தேர்ந்த ஒலிப்பதிவு, உரிமைத் தொகை, உலகறிந்த பெயர் இவையெல்லாம் இருப்பவர் விற்பார். பத்துப் பேர் சேர்ந்து நடத்தும் ஒரு நாடகக் குழு ஒரே கேமராவை வைத்துப் பதிவு செய்தால், உலகத்தின் மிகப் பெரிய நிறுவனங்களின் பதிவுகளோடு அதே திரையில், அதே விரல் தள்ளலில் அது மோத வேண்டியிருக்கும். சின்ன அரங்கில் அந்தக் குழுவுக்கு அந்தப் போட்டியே கிடையாது. அன்று மாலை அந்த அறைக்குள் அவர்கள்தான் நாடகம்.

அப்புறம், திரையில் நாம் பார்ப்பது மேடையையா என்று யோசித்துப் பாருங்கள். நடனம் நடக்கிறது. முகபாவம் அருமையாக இருக்கிறதென்று கேமரா முகத்துக்கு நெருங்குகிறது. அந்த நொடியில் பாதங்கள் போய்விட்டன! தாளம் கால்களில் நடந்துகொண்டிருக்கிறது, நமக்குத் தெரிவது கண்ணும் புருவமும்தான். நாடகத்தில் ஒருவர் வசனம் பேசும்போது, மூலையில் வாய் திறக்காமல் நிற்கிறாரே ஒருவர், அவர் முகம் மாறுவதை நான் பார்க்க நினைத்தால் பார்க்க முடியாது. எங்கே பார்க்க வேண்டும் என்பதை வேறொருவர் முடிவு செய்துவிட்டார்.

நடிகர் பக்கம் வாருங்கள். ஒத்திகையில் ஐம்பது தடவை சொன்ன வரிதான். முதல் காட்சியன்று எதிர்பாராத இடத்தில் அரங்கு சிரிக்கிறது. அடுத்த வரியை உடனே சொன்னால் சிரிப்பில் அமுங்கிவிடும். ரொம்பக் காத்திருந்தால் காட்சி தொய்ந்துவிடும். சிரிப்பு உச்சத்துக்குப் போய் இறங்கத் தொடங்கும் அந்த இடத்தில் பிடிக்க வேண்டும். மறுநாள் அதே இடத்தில் யாருமே சிரிக்காமல் போகலாம். இதைக் கற்றுக்கொடுக்க ஆள் நிறைந்த இருக்கைகளால்தான் முடியும்.

ஆளில்லாத அரங்கைக் கலைஞர்களால் தாங்கவே முடியாது. பார்சிலோனாவின் லிசெயு ஓபரா அரங்கு 2020 ஜூனில் மீண்டும் திறந்தபோது, 2,292 இருக்கைகளிலும் செடிகளை வைத்து, ஒரு நால்வர் குழுவை வாசிக்கச் சொன்னார்கள். இணையத்திலும் அது ஒளிபரப்பானது. கேமரா இருந்தும், இருக்கைகளை வெறுமையாக விட அவர்களுக்கு மனம் வரவில்லை. அந்தச் செடிகள் பிறகு மருத்துவப் பணியாளர்களுக்குப் போய்ச் சேர்ந்தன.

அப்பா (ABBA) என்ற ஸ்வீடன் பாப் இசைக்குழுவின் பெயரில் 2022-ல் லண்டனில் தொடங்கிய 'அப்பா வாயேஜ்' இசை நிகழ்ச்சியை எதிரணி பெரிய சான்றாகக் காட்டியது. பாடகர்கள் நேரில் வராமல், அவர்களுடைய டிஜிட்டல் உருவங்கள் பாடுகின்றன. நல்ல உதாரணம்தான், ஆனால் எனக்குச் சாதகமானது. அந்த உருவங்களை வீட்டுத் திரைக்கு அனுப்பியிருக்கலாமே? அதற்கென்றே 3,000 பேர் கூடும் ஓர் அரங்கைக் கட்டினார்கள். மேடையில் பத்துப் பேர் கொண்ட இசைக்குழுவை நேரடியாக வாசிக்க வைத்தார்கள்.

தொலைவில் இருப்பவர்கள், உடல்நலம் இடம் கொடுக்காதவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டார் நண்பர். நியாயமான கேள்வி, அவர்களுக்குத் திரை வேண்டும்தான். பழைய நிகழ்ச்சிகளைப் பாதுகாக்கவும் பதிவு வேண்டும். ஆனால் அரங்கங்களும் மாறிக்கொண்டிருக்கின்றன. சைகை மொழிபெயர்ப்பாளர் நிற்கும் காட்சிகள், பார்வையற்றோருக்கு ஒலி விளக்கம், விளக்கை முழுதாக அணைக்காமல், நடுவில் எழுந்து போய் வரலாம் என்று நடத்தும் காட்சிகள் எல்லாம் பல இடங்களில் வந்துவிட்டன. கதவை அகலமாகத் திறக்கச் சொல்லி நாமும் கேட்போம்.

அயர்லாந்தைப் பாருங்கள். 2022-ல் சோதனைத் திட்டமாக 2,000 கலைஞர்களுக்கு வாரம் 325 யூரோ அடிப்படை வருமானம் கொடுத்தார்கள். கேமராவா வாங்கிக் கொடுத்தார்கள்? கலைஞருக்குத் தேவை ஒத்திகைக்கு நேரமும் மாத வாடகைக்குக் காசும் என்று அங்கே புரிந்திருந்தது.

எதிரணியின் அடுத்த பேச்சாளருக்கு ஒரு கேள்வியை வைத்துவிட்டு அமர்கிறேன். இன்று திரையில் நீங்கள் ரசிக்கும் அந்தப் பெரிய நடிகர்கள் பலர், இருபது வயதில் பாதி நிறைந்த அரங்குகளில் தடுமாறி, வசனம் மறந்து, அடுத்த வாரம் திருத்திக்கொண்டவர்கள். அந்தச் சின்ன அரங்குகள் மூடிப்போனால், நாளைக்குப் பதிவு செய்ய உங்களுக்கு நடிகர்கள் எங்கிருந்து வருவார்கள்? நண்பர் பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.